கையெழுத்துப் போட்ட பிறகு வேலை இல்லை என்றார்கள்

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று, பழைய வேலையையும் விட்டாயிற்று, சேர வேண்டிய நாள் நெருங்கும்போது "அந்தப் பதவியை இப்போது நிரப்பவில்லை" என்று மின்னஞ்சல் வந்தால் எப்படி இருக்கும்? போன ஆடி மாதம் எனக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இதே மாதிரி மாட்டிக்கொண்டு, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்கு நிறுவனம், கணக்குப் பிரிவு வேலை. பெயர் வேண்டாம். முதலில் போனில் பேசினார்கள், அப்புறம் எக்செல் தேர்வு, அப்புறம் உம்ஷ்லாங்கா அலுவலகத்தில் நேர்காணல், அது முடிந்தால் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பெரிய அதிகாரியோடு வீடியோவில் இன்னொன்று, அதற்கும் மேல் போலீஸ் பதிவு பார்க்கக் கைரேகை, கடன் விவரம், பழைய மேலாளரிடம் விசாரணை என்று மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் லெட்டர் வந்தது. இங்கே வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இனிஷியல், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து, ஸ்கேன் செய்து அனுப்பினேன். நல்வரவு என்று பதிலும் வந்தது. அதற்குப் பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் சட்டப்படி நான்கு வார நோட்டீஸ். அந்த நான்கு வாரத்துக்குள் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

மின்னஞ்சலில் இருந்தது இரண்டே வரி. நிறுவன மறுசீரமைப்பாம். அதுவரை அந்தக் காகிதம் அனுப்புங்கள், இந்தக் காகிதம் அனுப்புங்கள் என்று தானே கூப்பிட்டுக்கொண்டிருந்த எச்ஆர் பெண் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. எனக்கு ரொம்ப வலித்தது அதுதான்.

அந்த வாரம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். விஷயம் அதற்குள் பரவிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, விடும்மா, எல்லாம் நன்மைக்கே என்றார்கள். ஆடியில் புது வேலையில் சேரக் கூடாது, அம்மாவே தடுத்துவிட்டாள் என்றார் என் மாமியாரின் அக்கா. அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. கையெழுத்துப் போட்ட வாக்கை ஒரு நிறுவனம் மீறினால் அதற்கு அம்மன் மேல் ஏன் பழி போட வேண்டும்?

கூழ் வாளியோடு நின்ற ஒரு அண்ணன், முன்பு ஒரு தொழிற்சாலையில் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ கையெழுத்துப் போட்டியாம்மா? அப்போ நீ அவங்க ஆளு. சிசிஎம்ஏவுக்குப் போ."

சிசிஎம்ஏ என்பது வேலைத் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் இங்குள்ள ஆணையம். அவர் சொன்னது சரி. வேலையில் சேரும் முன்பே ஒப்பந்தம் ஆகிவிட்டால் அந்த ஆளும் தொழிலாளிதான் என்று இங்குள்ள தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் ஏற்றுக்கொண்ட ஆஃபரைத் திரும்ப எடுப்பது பணிநீக்கம். ஆட்குறைப்பு என்று சொன்னாலும், 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி முதலில் கூப்பிட்டுக் கலந்து பேச வேண்டும். என்னை யார் கூப்பிட்டார்கள்? நியாயமற்ற பணிநீக்கம் என்று முடிவானால் இழப்பீடு 12 மாதச் சம்பளம் வரை போகலாம். ஆனால் நீங்கள் ஏற்பதற்கு முன்னால் அவர்கள் பின்வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

சிசிஎம்ஏவில் கட்டணம் இல்லை. படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை நிறுவனத்துக்கு அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டும். சமரசப் பேச்சுக்குப் பொதுவாக வக்கீலை உள்ளே விடுவதில்லை, பெரிய கம்பெனிக்கும் அதே விதி, அது எனக்குத் தைரியமாக இருந்தது. அந்த அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் எழுதவில்லை. சமரசமாக முடிந்தது, வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டுக் கடன் தவணை தவறவில்லை, அவ்வளவு சொல்லலாம்.

உங்கள் லெட்டரில் "சரிபார்ப்புகள் திருப்தியாக முடிந்தால்" என்று ஒரு வரி இருந்தால், எல்லாம் முடிந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு ராஜினாமா கொடுங்கள். இனிஷியல் போட்ட பிரதி, நல்வரவு சொன்ன மின்னஞ்சல், வேண்டாம் என்ற மின்னஞ்சல், மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். மனு கொடுக்க 30 நாள்தான் அவகாசம். அது தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.