21ஏ பிரிவும் எங்கள் எல்.கே.ஜி. சீட்டும்

தனியார் பள்ளியில் கட்டணம் இல்லாமல் பிள்ளையை எப்படிச் சேர்த்தீர்கள் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறோம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். 2023 ஏப்ரலில், ஆர்.டி.இ. என்று எல்லோரும் சொல்கிற கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தர வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டில் மகளுக்கு விண்ணப்பித்தோம்.

விண்ணப்பம் போடுவது பெரிய வேலை இல்லை. ஆன்லைனில்தான். பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கு ஆதாரம், ஒரு போட்டோ. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி குடும்பம் என்றால் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு', அதற்குச் சாதிச் சான்றிதழ் போதும். மற்றவர்கள் 'நலிவடைந்த பிரிவு', அவர்கள் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று வருமானச் சான்றிதழ் காட்ட வேண்டும். இது தெரியாமல் தேவையே இல்லாத வருமானச் சான்றிதழுக்காக விஏஓ ஆபீசுக்கு அலைகிறவர்களை எங்கள் கடையிலேயே பார்க்கிறேன். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. விண்ணப்பிக்கும் முன்பு பள்ளியில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்று போயிருந்தோம். ஆபீசில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, சட்டமே ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும்தான். உங்க பாப்பாவுக்கு மூணரை வயசு. எல்.கே.ஜி. சீட்டெல்லாம் நாங்களா பாத்து குடுக்கிறது" என்றார். என் கணவர் "சரிங்க சார்" என்று கிளம்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு வயசு என்று அவர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்றால், அது எங்கோ எழுதியிருக்க வேண்டுமே!

பக்கத்து வீட்டுத் தம்பி சட்டக் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தை வாங்கி 21ஏ பிரிவை எடுத்தேன். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை அரசு, தான் சட்டத்தால் தீர்மானிக்கும் முறையில், அளிக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். பள்ளிக்காரர் சொன்ன ஆறு வயது இங்கிருந்து வந்ததுதான். ஆனால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 86ஆவது திருத்தச் சட்டம், 2002ஆல் சேர்க்கப்பட்டது, 1-4-2010 முதல் நடைமுறை. இந்த அடிக்குறிப்புகளைப் படிக்கப் பழகியதுதான் எனக்குப் பெரிய உதவி. ஒரு உரிமை எப்போது வந்தது, முதலிலேயே இருந்ததா பிறகு சேர்த்ததா, எந்த நாளிலிருந்து கேட்டு வாங்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது.

2002இல் நிறைவேறிய திருத்தம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எட்டு வருடம் காகிதத்தில் இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய கதை இன்னும் நீளம். 1950இல் 45ஆவது பிரிவில், பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அது வழிகாட்டு நெறிகள் பகுதியில் இருந்தது. அந்தப் பகுதியை வைத்து யாரும் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. பத்து ஆண்டு போனது, இருபதும் முப்பதும் போனது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், 14 வயது வரை கல்வி என்பது 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள்ளேயே அடங்கும் என்றது. அதன் பிறகுதான் நாடாளுமன்றம் 21ஏ கொண்டுவந்தது. என் அம்மா ஐந்தாவதோடு நின்றவர். அவர் பள்ளியை விட்டபோது அந்தப் பத்தாண்டுக் கெடு முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, ஆறு வயது விஷயத்துக்கு வருகிறேன். 21ஏ பிரிவிலேயே 'சட்டத்தால் தீர்மானிக்கும் முறையில்' என்று இருக்கிறதே, அந்தச் சட்டம்தான் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அதில் 12(1)(சி) பிரிவு தனியார் பள்ளிகள் 25 சதவீத இடம் தர வேண்டும் என்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு என்றுதான் தொடங்குகிறது. பள்ளிக்காரர் அதோடு படிப்பதை நிறுத்தியிருப்பார் போல. அதற்குக் கீழேயே ஒரு வரம்புரை இருக்கிறது: பள்ளியில் முன்பருவக் கல்வி நடந்தால் அந்தச் சேர்க்கைக்கும் இதே விதி பொருந்தும். அதாவது எல்.கே.ஜி.யில்தான் பள்ளி ஆள் எடுக்கிறது என்றால், எல்.கே.ஜி.யிலேயே 25 சதவீதம். அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

தனியார் பள்ளியிடம் அரசு இப்படி இடம் கேட்க முடியுமா என்று தம்பியிடம் கேட்டேன். "முடியாதுன்னு 2005ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிச்சுக்கா. அரசு உதவி வாங்காத தனியார் கல்லூரிகள்ல இட ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாதுன்னு தீர்ப்பு. அதுக்குப் பதிலாத்தான் நாடாளுமன்றம் 93ஆவது திருத்தம் போட்டு, தனியார் கல்வி நிறுவனங்கள்லயும் இட ஒதுக்கீடு கொண்டுவரலாம்னு 15(5)ஐச் சேர்த்துச்சு" என்றான். அதன் பிறகு 2012இல் 25 சதவீத ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் பக்கத்துப் பள்ளி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் குலுக்கல். பெற்றோர் எல்லோரையும் உட்காரவைத்து, கல்வித் துறையிலிருந்து ஒருவர் முன்னிலையில் சீட்டு எடுத்தார்கள். எங்கள் மகள் பெயர் வந்தது. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வரவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். உரிமை என்று எழுதிவிட்டு அதைக் குலுக்கலில் விடுவது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை.

அப்புறம் பணம். சேர்க்கையின்போது புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் மூன்று மாத வாடகைக்கு மேல். அரசு தர வேண்டிய பணம் பாக்கி இருக்கிறது, நாங்கள் எப்படிப் பள்ளி நடத்துவது என்றார்கள். அந்தக் குறை நியாயமானது. சட்டப்படியே, அரசு தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செய்யும் செலவு, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் திருப்பித் தரும், அதுவும் தாமதமாகும். ஆனால் அதை அவர்கள் அரசிடம்தான் கேட்க வேண்டும். படிப்பை முடிக்கத் தடையாக இருக்கும் எந்தக் கட்டணத்தையும் குழந்தை தர வேண்டியதில்லை என்று 3(2) பிரிவு சொல்கிறது. சீருடை, நோட்டுப் புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று அந்த ஆண்டுதான் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருந்தது.

சண்டை போடவில்லை. "சார், இதையே பள்ளி லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க, எந்தத் தலைப்புக்கு எவ்வளவுன்னு" என்று மட்டும் கேட்டேன். தரவில்லை. மற்றவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதுதானே என் வேலை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு பக்க மனு அடித்தேன். துண்டுச் சீட்டின் நகல், 3(2) பிரிவு, தீர்ப்பு பற்றிய செய்தி மூன்றையும் இணைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். மனுவில் ஆவேசம் வேண்டாம். என்ன நடந்தது, எந்தப் பிரிவு, என்ன கேட்கிறோம், மூன்று பத்தி போதும். கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்தே கூப்பிட்டார்கள். ஸ்மார்ட் கிளாஸ் பணத்தை எடுத்துவிட்டார்கள், புத்தகமும் கொடுத்தார்கள். சீருடைத் துணி நாங்கள்தான் வாங்கினோம். அதற்கும் மறுபடி மனு போட்டேன், பதில் வரவில்லை.

2025இல் எதிர்வீட்டுப் பையனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், வழக்கமான ஏப்ரல், மேயில் விண்ணப்பமே தொடங்கவில்லை. புதிய கல்விக் கொள்கை சம்பந்தமான தகராறில் ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்திவைக்க, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் அவர்கள் கடன் வாங்கிப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். அரசமைப்பில் உள்ள உரிமையும் பட்ஜெட்டில் ஒரு வரி நின்றால் நிற்கும் என்று அப்போது பார்த்தோம்.

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. இந்த ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அதே பள்ளியில் முழுக் கட்டணம், இல்லையென்றால் வேறு பள்ளி. 21ஏ பதினான்கு வயதில் நிற்பதால் வரும் வெட்டு இது. அதைப் பதினெட்டாக மாற்ற 368ஆவது பிரிவின்படி இரு அவைகளிலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் ஆதரவு வேண்டும். எங்கள் தொகுதி எம்.பி.க்கு இதே மூன்று பத்தி முறையில் ஒரு கடிதம் அடித்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.