சாகனாஷும் அந்த ஒரு சொல்லும்

மே 30, 2018
கனடாவின் சட்டங்களை ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனத்தோடு ஒத்துப்போகச் செய்யும் சட்டமூலம் சி-262. அது இன்று கனடிய நாடாளுமன்றத்தின் கீழவையைத் தாண்டிவிட்டது. ஆதரவு 206, எதிர்ப்பு 79. தனி உறுப்பினர் ஒருவரின் சட்டமூலம் இவ்வளவு தூரம் வருவதே அபூர்வம். கொண்டுவந்தவர் ரோமியோ சாகனாஷ், கிறீ என்ற பழங்குடி இனத்து வழக்கறிஞர். 2011 மே 2 இரவு, நம் தமிழ்ப் பெண் ராதிகா சிற்சபைஈசன் வென்றாரென்று ஸ்காபரோவில் நாங்கள் துள்ளிக்கொண்டிருந்தபோது, அவருடைய அதே புதிய ஜனநாயகக் கட்சியில் சாகனாஷும் வென்றிருக்கிறார். கியூபெக் மாகாணத்தில் பாதிக்கு மேல் அடங்கும் தொகுதி அது. அன்று நான் கவனிக்கவேயில்லை.

ஜூன் 3, 2018
அம்மாவுக்குச் சாகனாஷின் கதையைச் சொன்னேன். பிறந்தது வாஸ்வனிபியில். சிறுவயதிலேயே லா துக் வதிவிடப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த பள்ளிகள் அவை. 1989இல் சட்டப் பட்டம்; கியூபெக் கிறீக்களில் அவர்தான் முதல் ஆள். அவருடைய அண்ணன் ஜோனிஷ் வேறொரு வதிவிடப் பள்ளிக்குப் போய் அங்கேயே செத்துப்போனான். எங்கே புதைத்தார்களென்று தாய்க்குத் தெரியவர நாற்பது வருடம்.

அம்மா பயற்றங்காய் முறிப்பதை நிறுத்தினார். "ஆர் கண்டுபிடிச்சது?"

"அந்தத் தாயின்ரை மகள்தான், பத்திரிகையாளர். புதைகுழியை வீடியோ எடுத்துவந்து காட்டினவ."

அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 25, 2018
இன்று எல்லாச் செய்தியிலும் சாகனாஷ். பழங்குடிகளிடம் ஒழுங்காகக் கலந்தாலோசிக்கவில்லையென்று ட்ரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாய்த் திட்ட அனுமதியைப் போன மாதம் நீதிமன்றம் ரத்துசெய்தது. அரசு இன்னமும் கட்டியே தீருவோம் என்கிறது. பழங்குடி உரிமை தனக்கு ஒரு பொருட்டே இல்லையென்று பிரதமர் நேராகச் சொல்லிவிடலாமே என்றார் சாகனாஷ். நடுவில் ஒரு கெட்ட வார்த்தை, இங்கே எழுதமாட்டேன். பிறகு மன்னிப்பும் கேட்டார்.

ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனத்துக்காக 23 வருடம் வரிவரியாகப் பேரம் பேசிய மனிதர். 2007இல் 144 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்த நான்கில் கனடாவும் ஒன்று. அந்தப் பொறுமையெல்லாம் செய்தியாகவில்லை, இந்த ஒரு சொல் ஆகிவிட்டது. சரி, அவர் புனிதரும் இல்லை. 2012இல் போதையில் விமானத்திலிருந்து இறக்கப்பட்டவர். ஆனால் குடிப் பிரச்சினையை ஒளிக்காமல் சொல்லிச் சிகிச்சைக்குப் போனார்.

ஜூன் 22, 2019
மேலவையான செனற் விடுமுறைக்குப் போய்விட்டது. பழமைவாதக் கட்சி செனற்றர்கள் இழுத்தடித்ததில் சி-262 இறுதி வாக்கெடுப்புக்கே வரவில்லை. வரும் தேர்தலில் சாகனாஷ் நிற்கப்போவதும் இல்லை.

ஜூன் 21, 2021
சி-262ஐ அடியொற்றி அரசே கொண்டுவந்த சி-15 இன்று சட்டமாகிவிட்டது. இரவு தொலைக்காட்சியில் திரும்பவும் கம்லூப்ஸ் வதிவிடப் பள்ளி வளாகம், அங்கே அடையாளமில்லாத புதைகுழிகள் இருக்கலாமென்ற செய்தி. அம்மா ஒலியைக் குறைத்தார்.

"அண்டைக்குச் சொன்னியே, அந்தப் பெடியன்ரை பேர் என்ன?"

"ஜோனிஷ்."