ஐப்பசி ஈரத்தில் ஹாலோவீன்: பிள்ளைகளோடு செய்ய முகமூடி, கொட்டாங்குச்சி விளக்கு, கண்முழிக் கொழுக்கட்டை

அக்டோபர் 31 ஹாலோவீன், மேலைநாடுகளில் பிள்ளைகள் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் நாள். புதுச்சேரியில் மறுநாள் விடுதலை நாள் விடுமுறை. 1954 நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதனால் முந்தின ராத்திரி பிள்ளைகள் நேரங்கழித்துத் தூங்கினாலும் பாதகமில்லை. கடலூர்ப் பிள்ளைகளுக்கு அந்த விடுமுறை கிடையாது. அவர்கள் பக்கத்தில் வரும் சனிக்கிழமைக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் கிடைக்கும் ஹாலோவீன் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிரும் உலர்ந்த காற்றும் உள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. நமக்கு அது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதம், கடலோரக் காற்றில் ஈரம் குறைவதே இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துச் சுடும் மெரிங்கே பேய்கள் அடுப்பைவிட்டு இறங்கிய சற்று நேரத்திலேயே பிசுபிசுக்கும். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். சாக்லேட் சிலந்தி தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். சைவ வீட்டுப் பிள்ளைகள் வருவதாக இருந்தால் உறையில் அசைவக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே இந்தக் காற்றைத் தாங்கும் பொருட்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் முகமூடி, ஏனென்றால் அதற்குத்தான் நாள் வேண்டும். காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய திருக்கனூர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கூழ் அரைத்துச் செய்வது சிறு பிள்ளைகளுக்குக் கடினம். காகிதப் பட்டைகளை ஒட்டிச் செய்வது எளிது. அக்டோபர் 22, 23 வாக்கில் ஆரம்பித்துவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் காய ஒரு வாரம்கூட ஆகும்.

பசைக்கு அரை கப் மைதாவை அரை கப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் இரண்டு கப் தண்ணீரில் ஊற்றி, சிறுதீயில் மூன்று நிமிடம் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் போய் வழவழவென்று ஒளி ஊடுருவுகிற மாதிரி வரும்போதுதான் இறக்க வேண்டும். வேகாத மைதா காய்ந்ததும் பொடியாக உதிரும். பூஞ்சை பிடிக்காமலிருக்க உப்புப் போடச் சொல்வார்கள். மழைக்காலத்தில் அது நமக்கு எதிராக வேலை செய்யும், உப்பே ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஆறிய பசையில் நாலு சொட்டு கிராம்பு எண்ணெய் கலந்தால் போதும். அந்தக் காலத்துப் பசைகளில் சேர்த்த மயில்துத்தம் நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது கூடவே கூடாது.

அச்சுக்குப் பலூன் வேண்டாம். வெயில் பட்டால் உள்ளிருக்கும் காற்று விரியும், ராத்திரியில் சுருங்கும், ஈரக் காகிதமும் அதோடு சேர்ந்து கோணும். பிள்ளையின் முகத்தளவுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே பாலித்தீன் உறையை இழுத்துப் போர்த்தி, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். செய்தித்தாளை இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளப் பட்டைகளாகக் கையால் கிழிக்க வேண்டும். கத்தரித்த ஓரம் மேடு தட்டும், கிழித்த ஓரம் படிந்து உட்காரும். கிழிக்கும் வேலையை நாலு வயதுப் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம். பட்டையைப் பசையில் நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து மிச்சப் பசையை வழித்துவிட்டு ஒட்டுங்கள். பசை அதிகமானால் உள்ளே காயவே காயாது, மூன்றாம் நாள் புளிச்ச வாடை வரும். முதல் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழைய நோட்டின் வெள்ளைத் தாள் என்று மாற்றி மாற்றி நாலு அடுக்கு. நிறம் மாறுவதால் எங்கே விட்டுப்போச்சு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்குமேல் வேண்டாம். மூக்கு வேண்டுமென்றால் கசக்கிய காகித உருண்டையை மூன்றாம் அடுக்குக்கு அடியில் வைத்து மூடலாம்.

மின்விசிறிக்கு அடியில் ஒரு முழு நாள் காய்ந்தபின் கிண்ணத்திலிருந்து கழற்றி, உள்பக்கம் மேலே பார்க்கத் திருப்பி இன்னொரு நாள் விடுங்கள். காய்ந்ததா என்று அறிய கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு அதன்மேல் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

கண் துளைகளை உத்தேசமாகப் போடாதீர்கள். பிள்ளையின் முகத்தில் ஸ்கேல் வைத்துக் கண்ணுக்குக் கண் தூரத்தை அளந்து, துளை ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் பெரியவர்கள் வெட்ட வேண்டும். சின்னத் துளை பார்க்க அழகு, ஆனால் மாடிப்படி தெரியாது. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் மூக்கு வரைக்கும் வரும் பாதி முகமூடிதான் நல்லது. போஸ்டர் கலரில் கால் பங்கு ஃபெவிகால் கலந்து பூசுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் சாயம் முகத்துக்கு வந்துவிடும். எந்த முகம் வரைவது என்று தேடி அலைய வேண்டாம். புது வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டி பொம்மையின் உருட்டு விழி, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு எல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஒரு சூனியக்காரியைவிட அது நன்றாகவே பயமுறுத்தும்.

விளக்கு. பரங்கிக்காயில்தான் செய்ய வேண்டும் என்று விதி ஒன்றுமில்லை. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் செய்தார்கள். அமெரிக்காவுக்குப் போனபின்தான் அது பரங்கிக்காய் ஆனது. நம் பரங்கிக்காய்க்குச் சதை கெட்டி, பிள்ளைக் கைக்குக் கத்தி வழுக்கும். குடைந்து வைத்தால் இந்தப் புழுக்கத்தில் ஒரே நாளில் ஈ மொய்க்கும். அதைச் சாம்பாருக்கே விட்டுவிடுங்கள். கொட்டாங்குச்சியில் முகம் ஏற்கெனவே இருக்கிறது: இரண்டு கண், ஒரு வாய். கண் உள்ள பாதியை எடுத்து, நாரை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குவது பிள்ளைகளின் வேலை. மூன்றில் ஒரு கண் மட்டும் மெத்தென்றிருக்கும். அது ஸ்க்ரூடிரைவர் நுனிக்கே விட்டுக்கொடுக்கும். மற்ற இரண்டையும் பெரியவர்கள்தான் ஆறு மில்லிமீட்டர் டிரில்லால் துளைக்க வேண்டும். கொட்டாங்குச்சியை வெறுந்தரையில் வைத்து அழுத்தாமல், மடித்த சாக்கின்மேல் வைத்து மெதுவாகத் துளையுங்கள். அழுத்தினால் விரிசல் விடும். துளைகளைச் சுற்றி வெள்ளை வண்ணத்தில் பல்லும் புருவமும் வரைந்து, பாட்டரி விளக்கு ஒன்றை மேஜையில் வைத்து, முகம் முன்னால் பார்க்கிற மாதிரி கொட்டாங்குச்சியைச் சாய்த்துக் கவிழ்த்தால் முடிந்தது. காய்ந்த ஓடு எளிதில் தீப்பிடிக்கும், மெழுகுவத்தி வேண்டாம். விளக்கில் இருப்பது பட்டன் பாட்டரி. அதை விழுங்கினால் உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும், ஆகவே அதன் மூடியில் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வௌவாலுக்குக் கறுப்புச் சார்ட் பேப்பர் வாங்கினால் ஈரத்தில் சிறகு தொங்கிப்போகும். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டை அதைவிடக் கெட்டி. இரண்டாக மடித்து வெட்டி, கறுப்புப் பூசி, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். சுவரில் டேப் ஒட்டினால் சுண்ணாம்பு பெயர்ந்து வரும்.

அலங்காரத்தில் கல்லறையும் சிலுவையும் மட்டும் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதே வாரத்தில் நம் அக்கம்பக்கத்து வீடுகளில் இறந்தவர்களின் கல்லறையைக் கழுவிப் பூவும் மெழுகுவத்தியும் வைக்கக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அட்டையில் செய்த கல்லறை அவர்கள் கண்ணில் படுவது நன்றாயிருக்காது.

இனி தின்பண்டம். கண்முழிக் கொழுக்கட்டை என்பது நம் பால் கொழுக்கட்டையேதான். ஒரு கப் வறுத்த அரிசி மாவு, ஒன்றேகால் கப் தண்ணீர், இரண்டு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டி, கிளறி, மூடி ஐந்து நிமிடம் கழித்துக் கைபொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். ஆறவிட்டுப் பிசைந்தாலும், தண்ணீர் சரியாகக் கொதிக்காவிட்டாலும் உருண்டையில் வெடிப்பு வரும். வந்தால் வெந்நீரில் கை நனைத்து மறுபடி பிசையுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே நடுவில் ஒரு கறுப்பு உலர்திராட்சையை அழுத்துங்கள். முன்பே அழுத்தினால் திராட்சை ஊறிச் சாயம் விட்டுக் கண் முழுக்க ஊதா ஆகிவிடும். பல்குத்தும் குச்சியைப் பீட்ரூட் சாற்றில் தொட்டு ரத்த நாளம் வரைவதைப் பிள்ளைகள் யாருக்கும் விட்டுத்தர மாட்டார்கள்.

ரத்தக் குளத்துக்கு ஒரு தேங்காயின் இரண்டாம் பால் இரண்டு கப், சர்க்கரை அரை கப். வெல்லம் போட்டால் நிறம் செம்மண் ஆகும், இங்கே சர்க்கரைதான். கொதி வந்ததும் துருவிப் பிழிந்த பீட்ரூட் சாறு மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றி, ஒரே நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். நேரம் போனால் சிவப்பு பழுப்பாக மாறும். ஏலக்காயும் ஒரு கப் முதல் பாலும் இறக்கியபின். முதல் பால் கொதித்தால் திரியும். கண்களைப் பரிமாறும்போது மட்டும் மிதக்கவிடுங்கள், முன்பே போட்டால் எல்லாம் சிவந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு உருண்டையை முழுதாகக் கொடுக்காதீர்கள், நாலாக நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும். தேங்காய்ப்பால் அன்றைக்கே தீர வேண்டும்.

விரல் பிஸ்கட்டுக்கு மைதா 150 கிராம், வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 50. பேக்கிங் பவுடர் கிடையாது, போட்டால் விரல் உப்பிவிடும். நகத்துக்குப் பாதாமைவிடப் பண்ருட்டி முந்திரிப் பாதி பொருத்தம், அதன் வளைவே ஒரு நகம். சுண்டுவிரலைவிட மெல்லிசாக உருட்டுங்கள், வேகும்போது பருமன் கூடும். கத்தி முதுகால் கணுக்கணுவாகக் கோடு போட்டு, முந்திரியை அழுத்தி, தட்டோடு முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே முடியாது. நம் சமையலறைச் சூட்டில் வெண்ணெய் இளகி நிற்கும். அப்படியே சுட்டால் விரல்கள் பரவி ஒன்றோடொன்று சேர்ந்து தோசையாகிவிடும். ஓவனில் 160 டிகிரியில் பதினெட்டிலிருந்து இருபது நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் ஒரு விரற்கடை உப்புப் பரப்பி, பத்து நிமிடம் சூடேற்றி, வளையத்தின்மேல் தட்டை வைத்து மூடி, சிறுதீயில் இருபத்தைந்து நிமிடம் விடலாம். கழன்று விழும் நகத்தை, சூடாக்கிய சிவப்பு ஜாம் ஒரு துளி வைத்து ஒட்டினால் அடியில் ரத்தம் கசிந்த மாதிரியே இருக்கும்.

சூடாக இருக்கும்போது டப்பாவில் அடைத்தால் நமுத்துப்போகும். நன்றாக ஆறவிட்டுக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். அப்படியும் நமுத்திருந்தால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஜாமை மட்டும் அதற்குப் பிறகு வையுங்கள்.