47 வயதில் 45 மில்லிமீட்டர் கம்பம்

லேபில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வீட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றாள். நான் கை கழுவும்போது முழங்கையின் உட்புறம் இருந்த ஊதா நிற ரத்தக்கட்டைப் பார்த்திருக்கிறாள். முந்தைய வாரம் மறு கையிலும் பார்த்தாளாம். ஒரு வாரம் மனதில் போட்டு உருட்டிவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தொண்டையை அடைத்தது. எத்தனை பேர் இப்படிக் கேட்கிறார்கள்?

"கம்பத்துல ஏறுறேன்மா" என்றேன். அவள் நம்பவில்லை. எதையோ மறைக்கிறேன் என்றே நினைத்தாள். கடைசியில் போனைத் திறந்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு, முகம் அஷ்டகோணலாக நான் தொங்கும் வீடியோவைக் காட்ட வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "இது நீங்களேவா போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டாள்.

நானேதான். ஆனால் ஆசைப்பட்டுச் சேர்ந்தேன் என்று சொன்னால் பொய். 44 வயதில் இடது தோள்பட்டை இறுகிப்போனது. ஃப்ரோசன் ஷோல்டர். 40க்கும் 60க்கும் நடுவில் வருவது, பெண்களை அதிகம் பிடிப்பது, தானாக விலக ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒற்றைக் கையால் உள்ளாடைக் கொக்கி மாட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவழியாக 46இல் கை தலைக்கு மேலே போனது. பிசியோதெரபிஸ்ட், "கை அசையுது, பலம்தான் இல்லை. வலுப் பயிற்சி ஏதாவது ஆரம்பிங்க" என்றார். எடை தூக்கும் வகுப்பு என் ஷிஃப்டோடு மோதியது. மாலை ஏழு மணிக்கு இடமிருந்த ஒரே வகுப்பு, 'போல் ஃபிட்னஸ், புதியவர்களுக்கு'. போல் என்றால் கம்பம், அதில் ஏறிச் செய்யும் உடற்பயிற்சி. திரும்பவும் பிசியோவிடம் போய்க் கேட்டேன். ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதல் மூன்று மாதம் இடது கையில் முழு எடையையும் தொங்கவிடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பினார்.

"போல் வகுப்புக்குப் போகிறேன், வர எட்டரை ஆகும்" என்று கணவருக்குச் செய்தி அனுப்பினேன். "எதைப் போல்?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் கம்பம்.

முதல் நாள் முழங்கால் வரை மூடும் டைட்ஸ், அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. பயிற்சியாளருக்கு என் மகள் வயதிருக்கும். "ஆன்ட்டி" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, "அக்கா" என்று மாற்றிக்கொண்டாள். பிறகு என் டைட்ஸைப் பார்த்து, "அக்கா, இது வழுக்கும். அடுத்த தடவை ஷார்ட்ஸ் போட்டுட்டு வாங்க. துணி பிடிக்காது, தோல்தான் பிடிக்கும்" என்றாள்.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. குட்டை உடை சும்மா அழகுக்கு என்று நினைத்திருந்தேன். கம்பத்தில் நம்மைத் தாங்குவதில் பாதி வேலை கையுடையது. மீதி, தொடையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பின் பக்கவாட்டு மடிப்பு என்று வெறும் தோல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் இடங்களுடையது. பிரசவக் கோடும் நரம்புச் சுருளும் இருக்கும் தொடையை இருபது வருடமாக எவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்தவள் நான். இரண்டாம் வகுப்புக்கு ஷார்ட்ஸ் போட்டுப் போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் தொடை அவரவர்க்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கும் வழுக்கியது. கம்பத்தைப் பிடித்துக் கால் தூக்கினால் உடம்பு பொத்தென்று இறங்கியது. காரணம் என் வேலை. நாள் முழுக்கக் கையுறை, கையுறை கழற்றியதும் சானிடைசர். கை வெடித்துவிடுமே என்று மணிக்கொரு தரம் லோஷன் தடவுவது பழகிப்போன ஒன்று. லோஷன் போட்ட தோல் கம்பத்தில் நிற்கவே நிற்காது. இப்போது வகுப்பு நாளில் காலையிலிருந்தே லோஷன் கிடையாது. மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கம்பத்தில் கீறல் விழும், விரலும் நசுங்கும்.

அந்த அறையில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒருவர் ஏறி இறங்கியதும் அடுத்தவர் கம்பத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அந்த வாசனை வந்ததும் கை தானாக வேலை செய்தது. 22 வருடமாக ஊசி குத்துவதற்கு முன் நான் துடைக்கிற துடைப்பு. "அக்கா மாதிரி யாரும் துடைக்கிறதில்லை" என்று பயிற்சியாளர் சொன்னாள். முதல் இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

கம்பம் பற்றிக் கொஞ்சம். எங்களுடையது 45 மில்லிமீட்டர் குறுக்களவு. போட்டிகளில் வைப்பதும் அதே அளவுதான். அங்கே நாலு மீட்டர் உயரக் கம்பம் இரண்டு, ஒன்று அசையாமல் நிற்பது, இன்னொன்று சுழல்வது. பெரும்பாலும் குரோமியம் பூசியதும் துருப்பிடிக்காத எஃகும்தான் பார்த்திருக்கிறேன். பித்தளை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். கை வேர்த்தால் மெக்னீசியம் கார்பனேட் கலந்த திரவச் சாக் தடவிக்கொள்வார்கள். என் வறண்ட கைக்கு அது தேவைப்பட்டதே இல்லை. சானிடைசர் புண்ணியம்.

சரி, ரத்தக்கட்டுக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் கம்பத்தில் உட்காரக் கற்றுத் தந்தார்கள். உட்காருவது என்றால் ஆசனம் எதுவும் கிடையாது. இரண்டு தொடைகளுக்கு நடுவில் கம்பத்தை நெருக்கி, கணுக்காலைப் பின்னிக்கொண்டு, மொத்த எடையையும் தொடையின் மென்மையான சதையில் இறக்குவது. அப்படியே மெதுவாகக் கையை விட வேண்டும். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்க்கா, அவ்வளவுதான்" என்றாள் பயிற்சியாளர். இந்த வசனத்தை நான் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது சொல்கிறேன். அதே குரல், அதே இழுப்பு. அது எவ்வளவு பெரிய பொய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோலைத் திருகிப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கையை விட்டேனா? விடவில்லை. அதற்கு மேலும் மூன்று வகுப்பு ஆனது.

மறுநாள் காலை குளியலறையில் பார்த்தால் இரண்டு தொடையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா. கம்பம் கொடுத்த முத்தம் என்று வகுப்பில் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொஞ்சல் ஒத்துவரவில்லை. நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, இடம், அளவு, நிறம், காரணம். லேபில் பதிவேடு எழுதியே பழகிய கை. நிறம் மாறுவதை எழுதும்போது ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. நசுங்கிய இடத்தில் நுண்ணிய குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது, முதலில் சிவப்பும் ஊதாவும். ஹீமோகுளோபின் சிதைந்து பிலிவெர்டின் ஆகும்போது பச்சை. அது பிலிருபின் ஆகும்போது மஞ்சள். மஞ்சள் காமாலைக்கு நாங்கள் தினமும் பார்த்துச் சொல்கிற அதே பிலிருபின். இருபது வருடமாகக் குழாயில் பார்த்ததை என் தொடையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் பயமும் வந்தது. இவ்வளவு கன்றலாமா? தோழியிடம் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொல்லி, பிளேட்லெட் பார்த்துக்கொண்டேன். 2,40,000. குறை ஒன்றும் இல்லை. என் கை நரம்பு கிடைக்காமல் அவள் இரண்டு தடவை குத்தியதில் அங்கேயும் ஒரு ரத்தக்கட்டு, அதுவும் நோட்டில் ஏறியது. ஆனால் இதைச் சிரிப்போடு விட்டுவிடக்கூடாது. ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். கம்பம் படாத இடத்தில் காரணமில்லாமல் கன்றினால் போய்க் காட்டுங்கள். நான்காம் மாதத்தில் அதே உட்காரலுக்கு என் நோட்டில் பதிவு எதுவும் இல்லை. தொடை பழகிவிட்டது, தொடும் இடமும் சரியாகிவிட்டது.

ரத்தக்கட்டைவிட மோசம் முழங்கை. ஐந்தாவது மாதம் கொஞ்சம் திமிர் ஏறி, வாரத்துக்கு இரண்டு வகுப்பை நாலாக்கினேன். தசை ஒத்துழைத்தது. தசையை எலும்போடு இணைக்கும் நாண் ஒத்துழைக்கவில்லை. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, வலுப்படவும் ஆறவும் தசையைவிட அதிக நாள் எடுக்கும். இருபதில் இருப்பவர்கள் இதில் எப்படியோ தப்பித்துவிடுகிறார்கள். எனக்கு முழங்கையின் உள்பக்கம் வலித்து, டம்ளரைத் தூக்க முடியாமல் போனது. ஐந்து வாரம் ஓய்வு. பயிற்சியாளர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தாள், நான்தான் கேட்கவில்லை.

சுழலும் கம்பம் எனக்கு ஆகாது. ஐந்து சுற்றுக்கு மேல் போனால் உள்காதில் இருக்கும் திரவம் நான் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூக்குக் கண்ணாடியும் ஒரு தொல்லை. போட்டுக்கொண்டால் கவிழும்போது விழும். கழற்றினால் பயிற்சியாளர் எந்தக் காலைப் பின்னுகிறாள் என்றே தெரியாது. இப்போது அவள் செய்யும்போது கண்ணாடி, நான் செய்யும்போது கழற்றல். ஒரு தடவை அதன் மேலேயே இறங்கினேன்.

"அந்த டான்ஸா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இது வேறு, இது விளையாட்டு, 2009இல் சர்வதேசக் கூட்டமைப்பே ஆரம்பித்தாயிற்று, நாற்பது வயது தாண்டியவர்களுக்குப் போட்டியில் தனிப் பிரிவே இருக்கிறது என்றெல்லாம் அடுக்கலாம். எல்லாம் உண்மைதான். மகாராஷ்டிரத்தில் மல்யுத்த வீரர்கள் பழகிய மல்லகம்பத்தையும் துணைக்கு அழைக்கலாம். அவர்கள் மரக் கம்பத்துக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டு ஏறுகிறார்கள்! லோஷனுக்கே நான் பட்ட பாட்டை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் நான் கற்கும் சுழற்சிகளில் பலவற்றையும் உருவாக்கியவர்கள் இரவு விடுதிகளில் ஆடிப் பிழைத்த பெண்கள். அவர்களிடமிருந்து வித்தையை வாங்கிக்கொண்டு, அவர்களை மட்டும் வாசலில் நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் "ஆமா, அங்கே இருந்து வந்ததுதான்" என்று சொல்லிவிடுகிறேன். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

தலைகீழாகப் போக ஒன்பது மாதம் ஆனது. அதற்கு முன் கண் மருத்துவரிடம் போனேன். அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் உண்டு, தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். எனக்கு ஒன்றும் இல்லை, போங்கள் என்றார். எகிறிக் குதித்துக் கவிழக்கூடாது என்பது வகுப்பின் கண்டிப்பான விதி. தோள்களைக் காதிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு, கம்பத்தை விலாவோடு அணைத்து, வயிற்றைச் சுருட்டி, இரண்டு காலையும் விரித்தபடி மெதுவாகத் தூக்க வேண்டும். தோளைத் தளரவிட்டுத் தொங்கினால் என் மாதிரி ஆட்களுக்குத் தோள் திரும்பவும் படுத்துவிடும். மாதக்கணக்கில் என் பின்புறம் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பும், திரும்பும். ஒரு செவ்வாய்க்கிழமை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மேலே போய்விட்டது. சட்டை சரிந்து முகத்தை மூடிக்கொண்டது. சட்டைக்குள்ளிருந்து, "போயிட்டேனா?" என்று கேட்டேன். "போயிட்டீங்கக்கா, முட்டியை மடக்கிப் பிடிங்க!" என்று கத்தினாள்.

அது வலது பக்கம். எதையும் இரு பக்கமும் பழக வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு ஒரு பக்கம் கோணிவிடும். இடது தோள் மட்டும் வழிக்கு வரவில்லை. வலி இல்லை, பயம். தோள் இறுகிக் கிடந்த அந்த இரண்டு வருடத்தை அது மறக்கவில்லை போலிருக்கிறது. இடது பக்கம் என்றாலே காலைத் தூக்குவதற்கு முன்பே கை விட்டுவிடும். நாலு மாதமாக இதே கதை.

நோட்டில் கடைசிப் பதிவு, நேற்று இரவு எழுதியது:

வியாழன். இடது முழங்கால் பின்புறம். 4 செ.மீ. சிவப்பு, ஊதாவாகும். காரணம்: இடது பக்கத் தலைகீழ், மூன்று விநாடி.