எட்டாத பழுதுகளைத் தேடி

சிப்புக்குள் ஒரு பிட்டைச் சேமிக்கும் ஃபிளாப்களைச் சங்கிலியாகக் கோத்து, மதிப்புகளை ஊட்டி விடையைப் படிப்பது ஸ்கேன் சோதனை. அதில் கவரேஜ், அதாவது இருக்கக்கூடிய பழுதுகளில் சோதனை பிடிக்கும் பங்கு, 95 விழுக்காட்டைத் தொட்டதும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. எனக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வில்லியம்ஸ், பிரவுன் இருவரும் 1981-இல் தந்த சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உற்பத்தியில் பாதி சிப்புகள் நல்லவை என்றால், 95 விழுக்காடு கவரேஜில் தேறி வெளியே போகும் சிப்புகளில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் பழுதானவை. 99-க்கு உயர்த்தினால் அது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

கவரேஜ் போதவில்லை என்றதும் பேட்டர்ன்களை, அதாவது சிப்புக்கு ஊட்டும் சோதனை மதிப்புகளை, கூட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதனால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. பேட்டர்ன்களைத் தானாக உருவாக்கும் ஏடிபிஜி கருவி பாதியில் கைவிட்ட பழுதுகளில் சில, தேடல் வரம்பை உயர்த்தினால் பிடிபடும். எஞ்சியவை பெரும்பாலும் வழி அடைபட்டுக் கிடப்பவை. அவற்றை அடைத்த காரணத்தை வைத்துப் பிரித்தால், மலைபோல் தெரிந்த பட்டியல் சில காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

சிறு ரேம்கள் (நினைவகங்கள்) நிறைந்த ஒரு வடிவமைப்பில் எட்டாத பழுதுகளின் பெரும்பங்கு அவற்றைச் சுற்றியே இருந்தது. கருவிக்கு ரேம் ஒரு கருப்புப் பெட்டி. அதிலிருந்து வருவதெல்லாம் 'எக்ஸ்', அதாவது தெரியாத மதிப்பு. முன்னால் உள்ள முகவரி லாஜிக்கின் விடையைப் பிடிக்க ஃபிளாப் இல்லை. பின்னால் உள்ள லாஜிக்குக்குத் தெரிந்த மதிப்பை ஊட்டவும் வழியில்லை. ரேமின் உள்ளீடுகளை, பல மதிப்புகளை ஒன்றாக்கும் எக்ஸார் கேட்களால் சேர்த்து ஒரு ஸ்கேன் ஃபிளாப்பில் பிடித்தோம். சோதனை நிலையில் அதே மதிப்பை, இரண்டு உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் மல்டிபிளெக்சர் வழியாக வெளியீட்டுக்குக் கொடுத்ததும் இரண்டு பக்கமும் திறந்தது.

மல்டிபிளெக்சர் படிக்கும் பாதையில் தாமதத்தைக் கூட்டும் என்று டைமிங் குழு ஆட்சேபித்தது. நியாயமான ஆட்சேபம். நேரம் இடம் கொடுக்காத ரேம்களில் உள்ளீட்டுப் பக்க ஃபிளாப்போடு நிறுத்திக்கொண்டோம். மறுபக்கத்துக்கு, ரேமில் எழுதிப் படிக்கும் பல கிளாக் பேட்டர்ன்களை உருவாக்கினோம். பேட்டர்ன்கள் நீண்டன, ஆனாலும் அந்தப் பழுதுகள் பிடிபட்டன.

பழுதுகளையே கணக்கிலிருந்து நீக்கி எண்ணை உயர்த்தும் வழியும் உண்டு. எங்கும் இணையாத கேட்டின் பழுதை நீக்கலாம், தவறில்லை. சோதனைக்காக ஓர் உள்ளீட்டை நிலையாகக் கட்டியதால் மட்டும் மறைந்த பழுதை நீக்கக் கூடாது. சிப் வேலை செய்யும்போது அந்த உள்ளீடு மாறும். பழுதும் அப்போது வெளிப்படும். அந்த உள்ளீட்டை எதிர் மதிப்பில் வைத்து ஏடிபிஜியை மறுபடி ஓட்டினால் இவற்றில் பல சிக்குகின்றன. இரண்டு ஓட்டங்களின் பட்டியலையும் இணைத்த பிறகு வரும் எண்ணையே அறிக்கையில் எழுதுகிறேன். நீக்கிய ஒவ்வொரு வகைக்கும் காரணம் அதன் பக்கத்திலேயே இருக்கும்.