மியூச்சுவலில் விவாகரத்து வாங்கிய கதை

எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்று தெரிந்ததும் ஆளாளுக்குத் தனியாகக் கூப்பிட்டு நடைமுறையைக் கேட்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நாங்கள் போனது 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், அதாவது இரண்டு பேரும் சேர்ந்தே மனு போடுகிற வழி. சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு 28ஆம் பிரிவில் இதே வழி உண்டு. ஒருவர் சம்மதிக்காமல் கொடுமை, கைவிட்டது என்று காரணம் காட்டி நடத்தும் வழக்கு வேறு உலகம், அதை இங்கே தொடவில்லை.

மனு போடும்போது குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதற்குத் தனித்தனி வீடு கட்டாயமில்லை, ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பையனின் படிப்புக்காக ஆளுக்கொரு அறையில் இருந்த எங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மொத்தத்தில் மோசமான காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், கோர்ட்டை இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும், அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கோர்ட்டில் குறைந்தபட்சம் நடிக்க வேண்டியதில்லை.

மனுவோடு சேர்க்க வக்கீலம்மா கேட்டது கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்றிதழ், ஆதார் நகல், அப்புறம் இரண்டு பேர் முகமும் தெரிகிற ஒரு கல்யாணப் போட்டோ. ஆல்பத்தைப் பிரித்துத் தேடினால் எதை எடுத்தாலும் பாதி முகத்தை மாலை மறைக்கிறது, இல்லாவிட்டால் யாராவது பெரியம்மா குறுக்கே நிற்கிறார். கடைசியில் தாலி கட்டி முடித்து இரண்டு பேரும் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற படம்தான் தெளிவாக இருந்தது. அதுவே ஒரு சான்றாவணமாக எண் போடப்பட்டு வழக்குக் கட்டுக்குள் போய்விட்டது.

ஒப்பந்த ஷரத்துகளை எழுதும் இடத்தில்தான் நேரம் செலவழிக்கச் சொல்வேன். 'பையன் அம்மாவிடம் இருப்பான், அப்பா பார்க்க வரலாம்' என்று எழுதினால் போதும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். வக்கீலம்மா விடவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, பரீட்சை நேரத்தில் என்ன, முழுப் பரீட்சை லீவில் யாரிடம் எத்தனை நாள், பாஸ்போர்ட் யார் கையில், கல்லூரிக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, நகை எது எது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஏதோ பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிற மாதிரி. ஆனால் சம்மதித்துப் பிரிகிறவர்களுக்கு இருக்கும் நல்ல மனசு மனு போடுகிற வாரத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும், அடுத்த வருஷம் யாருக்கு என்ன கோபம் வரும் என்று யார் கண்டது?

இரண்டு பேரும் கோர்ட்டில் முதல் தடவை சம்மதம் சொல்வதுதான் முதல் மோஷன். மனு போட்ட தேதியிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதே தேதியிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் இரண்டு பேரும் மறுபடி வந்து கேட்க வேண்டும், அது இரண்டாவது மோஷன். அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் வந்த தீர்ப்புப்படி இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனு போடலாம், ஆனால் அது தானாகக் கிடைக்கிற சலுகை இல்லை. மனு போடுவதற்கு முன்பே ஒன்றரை வருஷப் பிரிவு ஆகியிருக்கிறதா, சமரச முயற்சி தோற்றதா, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் உண்மையாகவே பேசி முடிந்ததா என்று பார்த்துத்தான் நீதிபதி முடிவு செய்வார். நாங்கள் முழுசாகக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் தூக்கத்தைக் கெடுப்பது ஒரே விஷயம்: தீர்ப்பு வரும் வரை எவர் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். கணவரிடமிருந்து போன் வந்தாலே வயிறு கலங்கும், எடுத்தால் பையனின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்பார்.

கவுன்சலிங் பற்றிப் பயப்படாதீர்கள். சேர்த்து வைக்க முயற்சி செய்ய வேண்டியது குடும்ப நல நீதிமன்றத்தின் சட்டப்படியான கடமை, அதனால் 'கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதாம்மா' என்று கேட்கத்தான் செய்வார்கள். எனக்கு முதலில் சுருக்கென்றது. அதே கேள்வியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடமும் கேட்டார்கள், அவர் 'ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் பார்த்துட்டோம் மேடம்' என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இரண்டு பேரும் ஒத்துப்போன அபூர்வமான தருணம் அது, சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது மோஷனுக்குப் பாதி நாள் வராந்தாவில் நின்றோம், உள்ளே போனது சில நிமிஷம். சம்மதம் உங்களுடையதுதானா, யாராவது வற்புறுத்தினார்களா, ஒப்பந்தத்தில் இருப்பது புரிந்ததா, அவ்வளவுதான் கேள்வி. விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும், துணைக்கு வந்த தம்பியெல்லாம் வெளியே. அழுகை வரும் என்று கைக்குட்டையோடு போயிருந்தேன், வரவில்லை, பசிதான் வந்தது. அழுதது ரொம்பப் பின்னால், வங்கியில் நாமினி படிவம் நிரப்பும்போது, அதுவும் கவுண்டரில் இருந்த பெண் 'உறவு என்னங்க?' என்று சத்தமாகக் கேட்டபோது.

நாமினி என்றதும் ஞாபகம் வருகிறது, தீர்ப்பு வந்தால் எல்லாம் தானாக மாறும் என்று நினைக்காதீர்கள். வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், பிஎஃப் எல்லாவற்றிலும் பழைய பெயரே கிடக்கும், நாமே போய் மாற்ற வேண்டும். சேர்ந்து வாங்கிய வீட்டுக்கடன் இருந்தால் வங்கிக்கு நம் ஒப்பந்தம் ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் ஏட்டில் இரண்டு பேருமே கடனாளிகள். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கி ஒத்துக்கொள்ளுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டால் பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போடும்போது கூடுதலாகச் சில பிரதிகள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் காட்ட, அங்கே இங்கே காட்ட என்று அது கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் நகல் பிரிவு ஜன்னலில் போய் நிற்க லீவு யார் தருவார்கள்?