கடல் அடித்ததா, ஷெல் அடித்ததா

"தம்பி, கடல் அடிச்சாக் காசு, ஷெல் அடிச்சாக் காசில்லையா?"

2007இல் திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டி அகதி முகாமில் அந்த அக்கா இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். சந்தையில் மீன் விலை கேட்பதுபோலக் கேட்டார். என் மடியில் எங்கள் உதவி நிறுவனத்தின் படிவம். அதில் நாலாவது கேள்வி, 'பாதிப்புக்கான காரணம்'.

அவருக்குத் தேவை ஒரு தையல் மிசின். எங்கள் களஞ்சியத்தில் நாலு மிசின்கள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. அது அவருக்கு எங்கள் சாரதி சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். நாலும் சுனாமி நிதியில் வாங்கியவை. அக்கா சம்பூர்ப் பக்கம், 2006இல் போரில், ஷெல்லடியில் ஓடி வந்தவர். பழைய மிசினின் பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். மிசின் வீட்டோடு போய்விட்டது.

"சுனாமியில ஏதும் போனதா அக்கா?" என்று கேட்டேன். 'போனது' என்று சொல்லட்டும் என்றுதான் கேட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் யோசித்துவிட்டு, "தண்ணி வேலி மட்டும் வந்திட்டுத் திரும்பிற்றுது, தம்பி" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் சொன்ன பதில் இதுதான்: "அது வேற நிதி அக்கா. காசு தந்தவை கடலால பாதிக்கப்பட்டவைக்கெண்டுதான் தந்தவை."

அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. கடலுக்கு என்று தந்த காசை வேறெதற்கும் செலவழித்தால் அடுத்த முறை யார் தருவார்கள்? ஒருவருக்குக் கண்ணை மூடினால் முகாம் முழுக்க வரிசையில் நிற்கும். இருந்த மிசின்களோ நாலுதான். இதை எனக்கே எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஆனால் காசு ஏன் கடலுக்கு மட்டும் அப்படி வந்தது? 2004 டிசம்பர் 26, நத்தார் முடிந்த மறுநாள். உலகமே வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்த்த நேரம். அலை வருவதைச் சுற்றுலா வந்தவர்களே படம் பிடித்திருந்தார்கள். செத்தவர்களில் அவர்களுடைய ஆட்களும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடலுக்குக் கட்சி இல்லை. அலையில் செத்தவனை 'நீ எந்தப் பக்கம்' என்று யாரும் கேட்பதில்லை. இயற்கை அழிவுக்குக் கொடுக்கிற அளவு போருக்கு மக்கள் கொடுப்பதில்லை என்று 2011இல் பிரித்தானிய உளவியலாளர்கள் ஓர் ஆய்வில் எழுதினார்கள். போரில் அடிபட்டவர்மேல் 'இவர்களும் ஏதோ செய்திருப்பார்கள்' என்ற எண்ணம் வருகிறதாம். இதைத் திருகோணமலையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

வெளிநாட்டுக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. சுனாமி அன்று பின்னேரம் நானே வீட்டிலிருந்த பாய், சாரம், கிடாரம் எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிளிவெட்டிக்குப் படிவத்தைத் தவிர ஒன்றும் கொண்டுபோகவில்லை. பயம்தான். சோதனைச் சாவடியில் 'யாருக்கு இது' என்று கேட்டால் என்ன சொல்வது? சரி, பயம் மட்டும்தானா என்று இப்போது கேட்டால், தெரியவில்லை.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு வாசித்தேன். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அலை வந்து ஒரு கிழமை போலானதும், சுனாமிக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. மிஞ்சியதை மற்ற அவலங்களுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. பெரும்பாலானோர் சம்மதித்தார்கள்.

கேட்டால் போதுமாக இருந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் சின்ன உத்தியோகத்தன், மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. அந்தக் கடிதத்துக்கு ஒரு தாளும் பேனையும்தானே வேண்டும் என்கிறது இன்னொன்று. சில நாள் 'சுனாமி' என்றே எழுதியிருக்கலாம் என்றும் தோன்றும். ஆனால் அக்காவே உண்மையைச் சொன்ன பிறகு நான் எப்படிப் பொய் எழுதுவது?

அரசு பிடித்து வைத்திருந்த சம்பூர்க் காணிகளை விடுவிக்கத் தொடங்கியது 2015இல். அக்கா திரும்பிப் போனாரா என்று நான் விசாரிக்கவில்லை.

மிசின்கள் நாலும் சுனாமிக் குடும்பங்களுக்கே போயின. கணக்காய்வில் ஒரு குறையும் வரவில்லை. ஆறு மாதம் கழித்துக் கண்காணிப்புக்குப் போனேன். ஒரு வீட்டில் வேறொரு நிறுவனம் முன்பே கொடுத்த மிசின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுடையது பெட்டி பிரிக்காமல் மூலையில் இருந்தது, அதன்மேல் தொலைக்காட்சி. 'பொருள் பயனாளியிடம் உள்ளது' என்று அறிக்கையில் எழுதி, கையெழுத்து வைத்தேன்.